நோய் சொல்லும் செயலியில் தட்டுவதற்கு முன்

இரவு 11.30 மணிக்குச் சித்தப்பா மகன் போன் செய்தான். "அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு எரியுதாம். ஆப்புல போட்டுப் பார்த்தேன், அசிடிட்டின்னு வந்துச்சு. கேஸ் மாத்திரை கொடுத்தும் கேக்கலை." நான் ஒன்றுதான் கேட்டேன்: "வேர்க்குதா?"

"பனியனே நனைஞ்சிடுச்சுக்கா. கரண்ட் இல்ல, அதனால இருக்கும்."

சித்தப்பாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பிறகு அவன் போனை வாங்கிப் பார்த்தேன். 'நெஞ்சு எரியுது' என்று அவர் சொன்னதை 'ஹார்ட்பர்ன்' என்று தட்டியிருக்கிறான். இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு இரைப்பை அமிலம் மேலே ஏறுவது என்று பொருள். வேர்வையைச் சொல்லவில்லை, சர்க்கரையையும் சொல்லவில்லை. செயலி பாவம், கொடுத்ததை வைத்துப் பதில் சொல்லிவிட்டது.

27 வருடம் அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இந்தச் செயலிகளை அழித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ராத்திரியில், டாக்டர் இல்லாத ஊரில், நாலு கேள்வி ஒழுங்காகக் கேட்க ஒன்று இருப்பது நல்லதுதான். அதற்கு என்ன கொடுக்க வேண்டும், அது சொல்வதில் எதை நம்ப வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், செயலியைத் திறக்கவே கூடாத நேரங்கள். நெஞ்சில் வலி அல்லது பாரம், கூடவே வேர்வையோ மூச்சுத்திணறலோ, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, நினைவு தப்புவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கோ, கடும் தலைவலியோடு கண் மங்கலோ, மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல். இதில் எது இருந்தாலும் 108தான். செயலியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஐந்து நிமிடம்கூட வீண்.

மற்ற நேரங்களில், தட்டுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைத்து எண்ணை எழுதுங்கள். எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றிப் பார்ப்பதும் முக்கியம். உண்ணிக் காய்ச்சலில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, நோயாளிக்கே தெரியாது. தோலில் புண் உண்டா என்று செயலி கேட்டால், தேடிப் பார்க்காமல் 'இல்லை' என்று தட்டிவிடுவோம். சரியான மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும் நோய், அந்த ஒரு 'இல்லை'யால் தப்பிப் போகும்.

அடுத்தது நம் சொற்கள். 'மயக்கமா இருக்கு' என்று ஒருவர் சொன்னால் தலை சுற்றுகிறதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா? செயலிக்கு அவை மூன்றும் வெவ்வேறு. 'இளைப்பு' என்றால் எங்கள் பக்கம் மூச்சு வாங்குவது. மொழிபெயர்ப்பில் போட்டால் உடல் மெலிவு என்று வந்து நிற்கலாம். 'சளி' மூக்கிலா, நெஞ்சிலா? 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிக்கொண்டு மாரடைப்போடு நடந்தே வந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒற்றைச் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள். எங்கே என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, நடந்தால் கூடுகிறதா, கூடவே வேறு என்ன என்று கேட்டு, அந்த விவரத்தைத் தட்டுங்கள். வயது, சர்க்கரை, பிரஷர், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். இவற்றைக் கேட்கவே கேட்காத செயலி உங்கள் போனில் இருக்க வேண்டாம்.

நான் சும்மா சொல்லவில்லை. 2025-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஏஐ சாட்பாட்களுக்கு முழு விவரத்தையும் நேரடியாகக் கொடுத்தபோது அவை சுமார் 95 சதவீதம் நோயைச் சரியாகப் பிடித்தன. அதே சாட்பாட்களை 1,298 சாதாரண மக்கள் கையில் கொடுத்தபோது, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சரியாக வந்தது. இவர்கள் கேட்ட விதத்திலும் அது பதில் சொன்ன விதத்திலும் நடுவில் விஷயம் தொலைந்துபோகிறது.

பதில் வந்ததும் நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள். 2015-ல் 23 செயலிகளையும் தளங்களையும் சோதித்துப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முதலில் சொன்ன நோய் சரியாக இருந்தது 34 சதவீதம்தான். அவசர நிலைகளில் 'உடனே போ' என்று சரியாகச் சொன்னது 80 சதவீதம். செயலிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன, ஆனாலும் நான் பின்பற்றுவது இதுதான்: 'மருத்துவமனைக்குப் போ' என்றால் போய்விடுவேன். 'வீட்டிலேயே இருக்கலாம்' என்றால், ஆளைப் பார்த்த பிறகுதான் அதை ஏற்பேன். முகம் வெளிறி, கூப்பிட்டால் சோர்ந்து பதில் சொல்கிறவரைப் பச்சை நிறத்தில் 'சாதாரணம்' என்று காட்டும் திரையை நம்பி விட்டுவிடக் கூடாது.

டெங்குவில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கும். 'காய்ச்சல் இல்லை' என்று தட்டினால் செயலியும் தேறிவிட்டதாக நினைக்கலாம். விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, அசதி இருந்தால் உடனே கிளம்புங்கள். செயலி உங்களைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்காது. நீங்கள்தான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். அப்புறம், நோயின் பெயரைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்காதீர்கள். டெங்குவாக இருந்து, உடம்புவலிக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ போட்டால் ரத்தக்கசிவு கூடும்.

சந்தேகமாக இருந்தால் தமிழ்நாட்டில் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போட்டு ஒரு மனிதரிடம் பேசலாம். இ-சஞ்சீவனி என்ற அரசின் ஆன்லைன் மருத்துவச் சேவையில் அரசு டாக்டரையே இலவசமாகப் பார்க்கலாம்.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. கான்டாக்ட், லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் மக்களின் மருந்து விவரங்களை ஃபேஸ்புக், கூகுளுக்குக் கொடுத்ததாக 2023-ல் அரசு நடவடிக்கை எடுத்து, 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட வைத்தது.

டாக்டரிடம் போனதும் 'ஆப்பில் இன்ன நோய்னு வந்தது' என்று ஆரம்பிக்காதீர்கள். எழுதிவைத்த எண்களைக் காட்டுங்கள். சித்தப்பா வீட்டில் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: அவர் சாப்பிடும் மாத்திரைகள், கடைசி ஈசிஜி எடுத்த தேதி, எந்த ஊசி ஆகாது, கீழே பெரிதாக 108. அதற்கும் கீழே தம்பி தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறான்: 'வேர்க்குதான்னு கேளு.'