டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை: டிரையரை நீங்களே சரிபார்ப்பது எப்படி

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரியில் மொட்டை மாடிக் கொடிக்கு வேலை இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும். காய்ந்த பிறகும் ஈர வாடை போகாது. அப்படி ஒரு மழைக்காலத்தில், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் பழைய டிரையர் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, நனைந்த போர்வைகளை அள்ளிப் போட்டு ஓடவிட்டால், டிரம் சுற்றுகிறது, துணி சில்லென்றே இருக்கிறது.

பார்க்க வந்த மெக்கானிக் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. "காயில் போயிடுச்சு சார், செட்டாதான் மாத்தணும்" என்றார். அவரை அனுப்பிவிட்டு நானே திறந்து அளந்தேன். சூடு தரும் கம்பிச்சுருளான காயில் நன்றாக இருந்தது. போயிருந்தது கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு சின்ன ஃபியூஸ். மாற்றினேன். நாலாவது நாள் மறுபடி போய்விட்டது. அதற்கப்புறம்தான் புத்தி வந்து வெளியே போகும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மைனாக் கூடு. கோடை முழுக்க டிரையரைத் தொடாமல் விட்டிருந்தோம், மைனா அதைக் காலி வீடு என்று நினைத்திருக்கிறது.

டிரையரில் சூடு நின்றால் முதலில் காற்று எங்கே நின்றது என்று பாருங்கள். கீழே வரும் வரிசையும் அதை வைத்துத்தான்.

முதலில், இது உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா?

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்துத் தொட்டியையும் நாம் டிரையர் என்றே சொல்கிறோம். அதில் ஹீட்டரே கிடையாது, துணியை வேகமாகச் சுற்றிப் பிழிவதோடு அதன் வேலை முடிந்தது. அதில் சூடு வரவில்லை என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் சொல்வது ஹீட்டர் காயில் உள்ள, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் தனி டிரையருக்கு. ஹீட் பம்ப் வகை என்றால் அது ஏ.சி. மாதிரி கம்பிரஸரில் ஓடுவது, கைவைக்காதீர்கள்.

இன்னொன்று. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோக்களில், "இரண்டு பிரேக்கரில் ஒன்று விழுந்திருந்தால் டிரம் சுற்றும், சூடு வராது" என்பார்கள். அங்கே டிரையருக்கு இரண்டு 120 வோல்ட் லைன் போகிறது, மோட்டார் ஒன்றில் ஓடும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். நம் வீட்டில் 230 வோல்ட் ஒரே ஃபேஸ். டிரம் சுற்றினால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். பிரேக்கரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

திறக்காமலே செய்யும் சோதனைகள்

மெஷின் எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள். குளிர்காற்று மோடில் வைத்திருந்தால் சூடு வராது. ஓட்டத்தின் கடைசி சில நிமிடங்களிலும் வேண்டுமென்றே ஹீட்டரை நிறுத்திவிட்டுத்தான் சுற்றும்.

சரி, ஹீட்டர் உண்மையிலேயே எரிகிறதா? இதற்கு எனக்குப் பிடித்த வழி கரண்ட் மீட்டர். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்பது முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டிரையரை மட்டும் காலியாக, முழுச் சூட்டில் ஓடவிடுங்கள். மோட்டார் மட்டும் ஓடினால் சுமார் 250 வாட்தான், நாலைந்து வினாடிக்கு ஒரு துடிப்பு வரும். 2000 வாட் ஹீட்டரும் சேர்ந்தால் வினாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

விளக்கு வேகமாகத் துடிக்கிறது, ஆனாலும் துணி காயவில்லை என்றால் ஹீட்டரில் பழுது இல்லை. அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, துணியில் எவ்வளவு தண்ணீர் என்பது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 2400 கிலோ ஜூல் வேண்டும். 2000 வாட் ஹீட்டர் அதைத் தர 20 நிமிடம் ஆகும், அதுவும் ஒரு துளி சூடுகூட வீணாகாமல் இருந்தால். சொட்டச் சொட்ட மூன்று லிட்டர் தண்ணீரோடு போர்வையைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரத்தில் காயவில்லை என்றால் மெஷின் என்ன செய்யும்? வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டு, வோல்டேஜ். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் காயில் 190 வோல்ட்டில் தருவது 1365 வாட்தான். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சாயந்திரம் மட்டும் துணி காயவில்லை, நடுராத்திரியில் ஓட்டினால் காய்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மூன்று, காற்று. இதற்குத்தான் நிதானமாக நேரம் கொடுக்க வேண்டும்.

காற்று வழி

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். துடைத்தாலும் துணிக்குப் போடும் கம்ஃபர்ட் மாதிரியான திரவம் வலைக் கண்களில் மெழுகு போலப் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

வடிகட்டி உட்காரும் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அங்கிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு, ஒரு குழந்தை சாக்ஸ், ஒரு ரூபாய் நாணயம் எல்லாம் வந்தன.

அப்புறம் வெளிக்குழாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினை முன்னால் இழுத்துக் குழாயைக் கழற்றுங்கள். சுவரோடு அழுந்தி மடங்கியிருக்கிறதா, நடுவில் தொங்கி அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பஞ்சு அடைத்திருக்கிறதா, யாராவது குடியேறியிருக்கிறார்களா என்று பாருங்கள். குழாயை மாட்டாமல் ஒரு தடவை காலியாக ஓட்டி, பின்பக்கத் துவாரத்தில் கையை வையுங்கள். காற்று பலமாக வந்தால் குழாயில்தான் அடைப்பு. அங்கேயே பலவீனமாக இருந்தால் உள்ளே, விசிறிப் பக்கம் அடைப்பு.

பலர் குழாயே மாட்டாமல் குளியலறைக்குள் வைத்துக் கதவையும் சாத்திவிடுகிறார்கள். மெஷின் தான் விட்ட ஈரத்தையே மறுபடி இழுத்துக்கொள்கிறது. கார்த்திகை மாதத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, கேட்க வேண்டுமா. ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள், அணைத்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, வயரை உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மோட்டார் பக்கத்தில் உருளையாக இருக்கும் கெபாசிட்டரைத் தொடாதீர்கள், அதில் கரண்ட் தங்கியிருக்கலாம். உள்தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அதனால் கையுறை அவசியம்.

கையோடு பிளக்கையும் பாருங்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கூடாது. பின் கறுத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

மல்டிமீட்டரோடு உள்ளே

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். 200 ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த எண், கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். எல்லா அளவையும் பிளக் பிடுங்கிய நிலையில்தான் எடுக்கிறோம். கரண்ட் ஓடும்போது அளப்பது ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு வேண்டாம்.

பெரும்பாலான மாடல்களில் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் ஹீட்டர் கூடு தெரியும். எதையும் பிடுங்குவதற்கு முன் போனில் நாலு போட்டோ எடுத்துவிடுங்கள். எந்தப் பாகத்தை அளந்தாலும் அதன் ஒரு பக்க வயரையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு வழியாகச் சுற்றிவரும் பாதை பொய்யான எண்ணைக் காட்டும்.

வரிசை இதுதான்: முதலில் ஃபியூஸ், அப்புறம் தெர்மோஸ்டாட், கடைசியில் காயில். மெக்கானிக் கடைசியில் இருப்பதிலிருந்து ஆரம்பித்தார்.

ஹீட்டர் கூட்டின் மேலோ காற்று வெளியேறும் வழியிலோ உட்கார்ந்திருக்கும் தெர்மல் ஃபியூஸ் நல்ல நிலையில் இருந்தால் 0 ஓம் காட்டும். முள்ளோ எண்ணோ அசையவே இல்லை என்றால் போய்விட்டது. இது ஒரு தடவைதான் வேலை செய்யும். சில மெஷின்களில் இதற்குப் பதில் நடுவில் சின்னப் பொத்தான் வைத்த கட்-அவுட் இருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வந்து பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டுமே சும்மா போவதில்லை. பெரும்பாலும் காற்று நின்று சூடு எல்லை மீறியதால்தான் போகின்றன. அடைப்பை எடுக்காமல் புதிது போட்டால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

"ஒரு வயரை நேரா குடுத்துடலாம், ஓடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடத்தான் ஓடும். காய்ந்த பஞ்சுக்கும் சிவந்த காயிலுக்கும் நடுவில் இருக்கும் கடைசிக் காவல் அந்த ஃபியூஸ். புதிது வாங்கும்போது மேலே பொறித்திருக்கும் டிகிரியும் ஆம்பியரும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் சாதாரண அறைச் சூட்டில் 0 ஓம் காட்ட வேண்டும். சூடேறும்போது திறந்து, ஆறினால் மூடிக்கொள்வதுதான் அதன் வேலை. ஆறிய நிலையிலும் திறந்தே இருந்தால் மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த புதிய மெஷின்களில் இந்த இடத்தில் தெர்மிஸ்டர் என்ற சூடு அளக்கும் சென்சார் இருக்கும். மீட்டரைக் கிலோ ஓமில் வைத்து முனைகளை மாட்டி, தெர்மிஸ்டரை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். கைச்சூட்டில் எண் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். அசையாமல் நின்றால் பழுது.

காயிலுக்கு ஒரு சின்னக் கணக்கு. 230-ஐ 230-ஆல் பெருக்கி, மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் ஹீட்டர் வாட்டால் வகுங்கள். 2000 வாட் என்றால் சுமார் 26 ஓம், 2500 என்றால் சுமார் 21. அதன் பக்கத்தில் வந்தால் காயில் சரி. இரண்டு காயில் உள்ள மாடலில் தனித்தனியாக அளங்கள். ஒன்று மட்டும் போயிருந்தால் சூடு வரும், ஆனால் பாதிதான் வரும். அப்புறம் ஒரு முனையைக் காயிலிலும் இன்னொன்றைத் தகரக் கூட்டிலும் வையுங்கள். எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் காயில் பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். அந்த மெஷினை மறுபடி பிளக்கில் மாட்டாதீர்கள்.

எல்லாமே சரியாக இருந்தால் வயர் முனைகளைப் பாருங்கள். கடற்கரை ஊரில் இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. குருசுக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, வயர் முனையில் இருக்கும் பித்தளைச் செருகியான லக் எம்மாத்திரம். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இறுக்கமாகச் செருகுங்கள். கறுத்துத் தளர்ந்திருந்தால் லக்கை வெட்டிவிட்டு, சூடு தாங்கும் ஸ்லீவ் போட்ட புதிய லக்கை வயரில் அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே உதவாது, முதல் ஓட்டத்திலேயே டேப் உருகி வழியும்.

இதற்கு மேல் மிஞ்சுவது போர்டில் உள்ள ரிலே, அதாவது ஹீட்டருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைச் சோதிக்கக் கரண்ட் கொடுத்து அளக்க வேண்டும். அங்கே நான் நின்றுவிடுவேன், நீங்களும் நில்லுங்கள். அதுவரை எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். "காயில் 26 ஓம், ஃபியூஸ் சரி, தெர்மோஸ்டாட் சரி" என்று சொன்னால் யாரும் செட்டாக மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

மூடி ஓட்டுவது

ஹீட்டர் கூட்டைச் சுற்றியுள்ள பஞ்சை வேக்குவம் கிளீனரால் எடுத்துவிட்டு, போட்டோவைப் பார்த்து வயர்களை மாட்டி, தகட்டை மூடுங்கள். எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். முதலில் காலியாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். யாராவது ஒருவர் மீட்டர் விளக்கைப் பார்க்கட்டும். வேகமாகத் துடித்து, சில நிமிடம் கழித்து மெதுவாகி, மறுபடி வேகம் பிடித்தால் தெர்மோஸ்டாட் சரியாக விட்டுவிட்டு வேலை செய்கிறது. எரிந்த வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இல்லை என்றால் பிழிந்த துண்டு இரண்டைப் போட்டுப் பாருங்கள்.

நான் குழாயின் வெளிவாயில் ஒரு மடிப்பு மூடி மாட்டியிருக்கிறேன். காற்று வரும்போது திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். முதலில் கொசுவலைதான் கட்டினேன். இரண்டே வாரத்தில் அதிலேயே பஞ்சு படிந்து அடைத்துக்கொண்டது. மூடி வந்த பிறகும் மைனா ஒரு நாள் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. புரட்டாசி கடைசியில் ஒரு தடவை குழாயைக் கழற்றிப் பார்ப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.