விண்மீன்கள் ஏன் வீங்கின?

ரோஜா இதழ்கள்போல விரிந்த வாயு-தூசி மேகமான ரோசெட் நெபுலாவின் சிவப்பைப் பிடித்தே தீருவது என்றுதான் என் டிஜிட்டல் கேமராவை மாற்றியமைத்தேன். அந்தச் சிவப்பு, ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளி. சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வடிகட்டியைக் கழற்றியதும் நெபுலா பளிச்சென்று வந்தது. ஆனால் விண்மீன் ஒவ்வொன்றும் பஞ்சுருண்டைபோல வீங்கியிருந்தது!

குவியம் தவறு என்று நினைத்து இரண்டு இரவுகள் போராடினேன். தொலைநோக்கியின் முகப்பில் பாக்தினோவ் தகட்டை (விண்மீன் ஒளியை மூன்று கோடுகளாகக் காட்டும், கீற்றுத் துளைகள் கொண்ட தகடு) மாட்டி, நடுக்கோடு மற்ற இரு கோடுகளுக்குச் சரியாக நடுவே நிற்கும்வரை குமிழைத் திருகினேன். கோடுகள் நின்றன, வீக்கம் போகவில்லை.

படத்தின் மூன்று நிறங்களையும் பிரித்துப் பெரிதாக்கியபோதுதான் விடை கிடைத்தது. சிவப்பில் ஒளிவட்டம் மிகப் பெரிதாக இருந்தது. நான் கழற்றிய வடிகட்டி அகச்சிவப்பையும் சேர்த்தே தடுத்துவந்திருக்கிறது. என்னுடையது 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி. கண்ணுக்குத் தெரியும் நிறங்களை ஓரிடத்தில் குவிக்கிறது, அகச்சிவப்பை வேறிடத்தில் விட்டுவிடுகிறது.

ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியைக் கேமரா இணைப்புக்குழாயில் திருகினேன். குவியத்தை மறுபடி சரிசெய்வது கட்டாயம். வடிகட்டிக் கண்ணாடியின் தடிமனே அதை நகர்த்திவிடும். பிறகு 120 வினாடி வீதம் 60 படங்கள் எடுத்து ஒரே படமாக அடுக்கினேன். இதழ்களுக்கு இடையே கருந்தூசி இழைகள், நடுவே என்.ஜி.சி. 2244 கொத்தின் விண்மீன்கள், ஊசிமுனைபோல.