திருகோணமலைக் குடாவைத் தனிப்படகில் சுற்றிப் பார்க்க

திருகோணமலையைத் தரையில் நின்று பார்ப்பவருக்குக் கோயில் ஓரிடம், கோட்டை ஓரிடம், துறைமுகம் ஓரிடம் என்றே ஊர் தோன்றும். ஒரு படகை முழுதாக அமர்த்திக்கொண்டு கடலில் சற்றுத் தொலைவு சென்று திரும்பிப் பார்த்தால்தான், கடலோரக் குன்றான கோணமாமலை முதலில் கோயிலுக்கும் பிறகு பீரங்கிகளுக்கும் ஏன் இடமாயிற்று என்பதும், ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக இந்தக் குடாவுக்காக ஏன் மோதிக்கொண்டனர் என்பதும் விளங்கும். நான்கு மணி நேரம் போதும். ஆனால் அந்த நான்கு மணி நேரம் எந்த மாதத்தில், எந்தப் பொழுதில் என்பதைக் காற்றைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கிழக்குக் கரைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் கடல் மாறத் தொடங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மாரி மழையுமாக இருக்கும், உள்ளூர் மீனவரே வள்ளங்களை மேட்டில் இழுத்து வைத்திருக்கும் நாட்கள் அப்போது பல வரும். கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் இங்கே வானம் வெளுத்திருப்பது முதன்முறை வருபவருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த மழையை மத்திய மலைநாடு வாங்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டி இப்பக்கம் இறங்குவது வறண்ட மேற்குக் காற்று மட்டுமே. இதைத்தான் இங்குள்ளோர் கச்சான் என்கின்றனர்.

கச்சானைப் பற்றி ஒன்றை அறிந்துகொள்ளாமல் படகேறக் கூடாது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையே இராது. மணலில் நின்றபடி கடல் அமைதியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுபவர், மலைமுனையைத் தாண்டியதும் நீர்த்திவலையில் நனைந்துபோவார். அதைவிட முக்கியமானது, நடுவழியில் இயந்திரம் நின்றுபோனால் இந்தக் காற்று படகைக் கரைக்குக் கொண்டுவராது, வெளிக்கடலுக்கே தள்ளிக்கொண்டு போகும் என்பது. பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே காலை 6 மணிக்குப் படகில் இருந்து 10 மணிக்குள் கரை சேர்வதே சரியான கணக்கு. மலையின் கடல்முகம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் பாறை மீது நேராக விழும்போது அதன் வெடிப்புகளும் நிறங்களும் தெளிவாகத் தெரியும், பிற்பகலில் அதே பாறை நிழலில் கறுத்து நிற்கும். படம் எடுக்க விரும்புபவருக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

படகுகள் உப்புவெளியிலும் டச்பே கடற்கரையிலும் கிடைக்கும். விடுதிகளும் ஏற்பாடு செய்து தரும். விடுதி வழியாகப் பேசினால் தரகு சேரும், ஆனால் சொன்ன நேரத்துக்குப் படகு வராவிட்டால் கேட்பதற்கு ஒருவர் இருப்பார். முதல் நாள் மாலையே கடற்கரைக்குப் போய் ஓட்டியையும் படகையும் நேரில் பார்த்துப் பேசுவதையே நான் விரும்புவேன். பெரும்பாலானவை 18 முதல் 20 அடி நீளமுள்ள, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள். ஐந்து பேர் வசதியாக அமரலாம். எட்டுப் பேர் ஏறலாம் என்று சொன்னாலும் ஏறாதீர்கள். உயிர்காப்பு அங்கிகள் இருக்கின்றனவா என்று கேட்டால் எல்லோரும் இருக்கின்றன என்றே சொல்வர். அவற்றைப் படகின் முன்பகுதியான அணியத்துப் பலகைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, ஆளுக்கொன்றாகப் போட்டுக் கொக்கியை மாட்டிப் பார்க்க வேண்டும். உப்பேறி இறுகிய பட்டியும் உடைந்த கொக்கியும் அப்போதுதான் கண்ணில் படும். சிறு பிள்ளைகளுக்கேற்ற அளவு பெரும்பாலும் இராது என்பதால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். துடுப்பு, நீளமான கயிற்றுடன் நங்கூரம், மேலதிக எரிபொருள், மின்னூட்டிய கைப்பேசி ஆகியவை இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணிகளை ஏற்றும் படகுக்கும் மீன்பிடிக்க மட்டும் பதிந்த படகுக்கும் வேறுபாடு உண்டு. உங்களுடையது எது என்று ஓட்டியிடமே கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. தமிழ் ஓட்டியை அண்ணன் என்றும், மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் ஓட்டியை நானா என்றும் அழைத்துப் பேச்சைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

வழியைப் பேசும்போது குடாவைச் சுற்றிக் காட்டுங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், மலையைச் சுற்றி, டச்பேயைக் கடந்து, துறைமுக வாய் வரை சென்று திரும்ப வேண்டும் என்று இடம் குறித்துச் சொல்லுங்கள். உள்துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய இயலாது. அதன் கரையில் கடற்படைத் தளம் இருக்கிறது. எந்த எல்லை வரை போகலாம், எந்தப் பக்கம் படமெடுக்கக் கூடாது என்பது ஓட்டிக்குத் தெரியும், அவர் சொல்வதே முடிவு. அனுமதி பெறாத ட்ரோனைக் கொண்டுவரவே வேண்டாம்.

உப்புவெளியிலிருந்து புறப்பட்டால் கோட்டைக்கு வடக்கேயுள்ள குடாவின் குறுக்கே தெற்கு நோக்கிச் செல்ல வேண்டும். விடியலில் இங்கே கரைவலை இழுப்பார்கள். மணலில் இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கும் கயிறு நீருக்குள் நெடுந்தூரம் ஓடும். வெளியே தெரிவது வரிசையாக மிதக்கும் கட்டைகள் மட்டுமே. நல்ல ஓட்டி வலையின் வெளிப்புறமாகச் சுற்றிப் போவார். குறுக்கே போனால் நேரம் மிச்சமாகுமே என்று அவரை அவசரப்படுத்த வேண்டாம். கயிறு இயந்திரத்தின் இறக்கையில் சிக்கினால் உங்கள் பயணமும் கெடும், அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பும் கெடும்.

திருக்கடலூரைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. இந்தப் பயணத்தில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. குறைந்தது முப்பது நிமிடமாவது ஒதுக்குங்கள். பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குவதால் அதில் மோதும் அலை அப்படியே திரும்பி வந்து எதிரலையைச் சந்திக்கும். அங்கே காற்றில்லாத நாளிலும் நீர் முறையின்றித் துள்ளும். ஆகையால் நூறு மீற்றருக்குக் குறையாமல் விலகி நின்று, இயந்திரத்தைத் தணித்து மெதுவாக நகரச் சொல்லுங்கள். உச்சியில் கோணேசர் ஆலயம் தெரியும். அதன் கீழே பாறையை மேலிருந்து பிளந்ததுபோல் ஓர் இடுக்கு இறங்குகிறது, அதுதான் இராவணன் வெட்டு. தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது ஐதிகம். மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அதன் ஒரு பகுதியே தெரியும். நீர்மட்டம் வரை முழுதாகக் காண்பதற்குப் படகு வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். கடலில் விழுந்த தூண்களும் செதுக்கிய கற்களும் நீங்கள் மிதக்கும் நீருக்கடியில் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் நிழற்படக்காரர் மைக் வில்சனும் இங்கே மூழ்கி அவற்றைக் கண்டனர். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். கோட்டைக்கு பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயர் இட்டது. ஓட்டிகளில் பலர் இந்த இடத்தில் சற்று நின்று கும்பிட்டுவிட்டே நகர்வர். அந்த வேளையில் கேள்வி கேட்டுக் குறுக்கிட வேண்டாம்.

மலைமுனையைச் சுற்றினால் டச்பே. இங்கே அதிகம் நிற்பதற்கில்லை, வளைந்த கடற்கரையும் ஊரின் கூரைகளும் தெரியும். தெற்கே காடடர்ந்த மேடு ஒன்று கடலுக்குள் நீண்டிருப்பதைப் பாருங்கள். அதன் முனையில்தான் ஒல்லாந்தர் துறைமுக வாயைக் காக்க ஒஸ்டன்பேர்க் கோட்டையை அமைத்தனர். அந்த முனைக்கு அப்பால் கொட்டியாரக்குடா விரிகிறது.

படகை இங்கே நிறுத்தச் சொல்லிச் சுற்றிலும் பாருங்கள். சோழமண்டலக் கரையில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வாடைக் காலத்தில் பெரிய பாய்க்கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க ஆழமான துறைமுகம் அன்று ஒன்றுமில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் புயல் வந்தால் ஓட வேண்டியதுதான். அவை ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் இந்த மேட்டுக்குப் பின்னால் இருந்தது. 1620இல் தரங்கம்பாடிக்கு வந்த அதே டேனியக் கப்பற்படை அதற்கு முன் இங்கேதான் கோட்டை கட்ட முயன்றது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இதை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அவர்களிடமிருந்து பறித்தார். காக்க வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் செப்டெம்பர் 3ஆம் நாள் காலை கோட்டைகளில் பிரெஞ்சுக் கொடியைக் கண்டார். அன்றே இந்தக் கடலில் போர் நடந்தது, தீர்வு காணாமல் அவர் சென்னைக்குத் திரும்பினார். இறுதியாக 1795இல் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பின்னொரு போரில், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது எரிந்த சாகாயிங் என்ற கப்பல் பல்லாண்டுகள் நீருக்குள் கிடந்து, 2018இல்தான் கடற்படையால் மேலே தூக்கப்பட்டது.

நேரமும் காற்றும் இடங்கொடுத்தால், அதாவது 8 மணிக்குள் இங்கு வந்துவிட்டால், மூதூரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வூர் இருக்கும் கொட்டியாரக்குடாவின் தென்கரையில் மகாவலி கங்கை கடலில் கலக்கிறது. கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், ஆற்றின் கலங்கிய பசுமை முடிந்து கருநீலம் தொடங்கும் எல்லையைப் படகு கடக்கும்போது கண்ணாலேயே காணலாம். ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் சிறைப்பட்ட கதை நிகழ்ந்தது இந்தக் கரையில்தான். புயலில் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட 1659இல் இக்குடாவுக்கு வந்த ஆங்கிலேயர், மறுவருடம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டனர். கப்பல் தலைவரின் மகனான நொக்ஸ் தப்பிச் சென்றது 1679இல். அவர்கள் பிடிபட்ட புளியமரம் நின்ற இடத்தை மூதூரில் இன்றும் காட்டுவர். ஆனால் திரும்பும் வழியில் காற்று கிளம்பியிருக்கும் என்பதால், பிள்ளைகளோ முதியவர்களோ உடனிருந்தால் மூதூருக்குச் சாலை வழியாகவே போய் வருவது நல்லது.

இப்படகுகளில் நிழலும் இராது, கழிப்பறையும் இராது. தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர் போதும். வெறும் வயிற்றோடு ஏறினால்தான் குமட்டும். இரண்டு இடியப்பமோ சிறிது பாணோ உண்டுவிட்டு ஏறி, அணியத்தை விட்டுப் பின்புறமான கடையால் பக்கம் அமர்ந்தால் ஆட்டம் குறைவாக இருக்கும்.

புறாத்தீவையும் இதே காலையில் முடித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டாம். அது தேசியப் பூங்கா, நிலாவெளியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுத்துத் தனியாகப் போக வேண்டிய இடம். இரண்டையும் சேர்த்தால் மலையடியில் ஐந்து நிமிடம், பவளப்பாறையில் அரை மணி என்று எல்லாமே அரைகுறையாகும். நீலத் திமிங்கிலம் பார்க்கப் போவதும் அவ்வாறே வேறொரு நாளைக்குரியது. குடாப் பயணத்தில் தற்செயலாகத் திமிங்கிலம் தென்பட்டால், நூறு மீற்றர் விலகி இயந்திரத்தைத் தணித்து நிற்க வேண்டும். துரத்தச் சொல்லி ஓட்டிக்குக் கூடுதல் பணம் காட்டாதீர்கள்.

கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் படகுக்கு இவ்வளவு, இத்தனை மணி நேரம், எரிபொருள் உட்பட என்று பேசி முடியுங்கள்; அப்போதுதான் இடையில் வேறு ஆட்களை ஏற்றும் பேச்சு எழாது. முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. காற்று சரியில்லை என்று ஓட்டி பாதியில் திரும்பினால் எவ்வளவு கொடுப்பது என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். திரும்பினால் கூலி போய்விடும் என்ற கவலை அவருக்கு இல்லாதபோது, கடலைப் பார்த்து அவர் சரியான முடிவெடுப்பார்.