ஈரச் சாக்கால் தகரக் கூரையைக் குளிர்விக்கும்போது எங்கே தவறுகிறோம்

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தராது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அறைக் காற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். பிற்பகலில் 32 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றை 26 டிகிரிக்குக் கீழே இறக்காது. சன்னலைச் சாத்திவிட்டு அதை ஓடவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும்.

வெயிலில் காயும் தகரக் கூரையின் கணக்கு வேறு. அதன்மேல் கிடக்கும் ஈரச் சாக்கு 45 டிகிரிக்குச் சூடேறினால், அதன் மேற்பரப்பில் நீராவி அழுத்தம் சுமார் 9.6 கிலோபாஸ்கல். சுற்றியிருக்கும் காற்றில் அது 3 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். ஈரக்காற்றிலும் தண்ணீர் ஆவியாவது இந்த வேறுபாட்டால்தான். ஆகவே தரைவீட்டுப் பின்புறச் சமையற்கட்டு, கார் நிறுத்தும் கொட்டகை, வேலையிடக் கொள்கலன் அலுவலகம் ஆகியவற்றின் கூரையில் இதைச் செய்யலாம், படுக்கையறையில் வேண்டாம்.

அதிகம் நடக்கும் தவறு, குழாயைத் திறந்துவிட்டுக் கூரையைக் கழுவுவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே ஒரு லிட்டர் 20 டிகிரி சூடேறி வழிந்தோடினால் வெறும் 84 கிலோஜூல். சதுர மீட்டருக்கு 600 வாட் வெயிலை உள்வாங்கும் கூரைக்கு, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மணிக்கு 0.9 லிட்டருக்குமேல் தேவையே இல்லை. 10 சதுர மீட்டருக்கு, மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுநீர் முனைகளை நாலைந்து எண்ணிக்கையில் கூரை உச்சியில் பொருத்தினால் போதும். கீழ் ஓரத்தில் தண்ணீர் தாரையாக ஒழுகினால் வரத்தைக் குறையுங்கள்.

அடுத்தது, சாக்கையே சரியாகத் தயார் செய்யாதது. புதுச் சணல் சாக்கில் நூற்கும்போது பூசிய எண்ணெய் இருக்கும். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும். சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசியபின் விரியுங்கள். பாலியெஸ்டர் கான்வாஸ் தண்ணீரை உறிஞ்சாது. தடித்த ஸ்பாஞ்சும் உதவாது. ஆவியாவது மேற்பரப்பில், குளிர வேண்டியதோ அடியில் இருக்கும் தகரம். ஒற்றை அடுக்குச் சாக்கு தகரத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் நிழல் கிடைக்கும், சாக்கும் குளிரும். தகரத்தின் சூடு நேராகச் சாக்கில் இறங்காது. பறக்காமலிருக்க மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துகிறவர்களும் உண்டு. அதோடு எல்லா வேலையும் நின்றுவிடும். கயிறு கட்டுங்கள்.

காற்றோட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. உயரமான கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் காற்று தேங்கும் இடத்தில், கூடுதல் தண்ணீரைவிடச் சின்ன மின்விசிறி அதிகம் உதவும்.

தண்ணீர் போனாலும் அதிலுள்ள உப்பு போகாது. வெள்ளைப் படலம் சாக்கின் கண்களை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை அலசுங்கள். அறையைக் குளிரூட்டும் ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, இதற்கு அருமையானது. ஆனால் அதைச் சேர்க்கும் வாளிக்கு மூடி கட்டாயம். தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசுவான ஏடிஸின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் சிக்கினால் அபராதம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. காய்ந்த முட்டை பல மாதம் தாங்கும், வாளியின் உட்சுவரைத் தேய்க்க வேண்டும்.

இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயிலும் இல்லை. அப்போதும் சொட்டவிட்டால் சாக்கு மக்கும், தகரம் துருப்பிடிக்கும். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடினால், மழையில்லாத நாளில் இருட்டுவதற்குள் சாக்கு பெரும்பாலும் உலர்ந்துவிடும். மாதம் ஒருமுறை சாக்கைத் தூக்கித் திருகாணித் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.