கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை: பெரியவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியவை

வீட்டில் வயதானவர் இருந்தாலோ, ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரைப் படுத்த படுக்கையாகக் கூட்டி வந்திருந்தாலோ, கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவருடைய கட்டிலில் படுத்து, அங்கிருந்து பாத்ரூம் வரை மெதுவாக நடந்து பாருங்கள். உங்கள் கை தானாகப் போய் எதைப் பிடிக்கிறது, கால் எங்கே தட்டுகிறது என்று கவனியுங்கள். நாற்காலி முதுகு, கதவு விளிம்பு, துண்டு போடும் கம்பி, வாஷ்பேசின், இவற்றைத்தான் அவரும் தினமும் பிடிக்கிறார். எது ஆடுகிறதோ, எது கழன்று கையோடு வருமோ, அங்கிருந்து வேலையை ஆரம்பியுங்கள்.

என் அம்மா விழுந்தது இந்த வழியில்தான். பாத்ரூமுக்குள்கூட இல்லை, அதன் வாசலில். பாத்ரூம் தரை ஓர் அங்குலம் தாழ்வு, முன்னால் போட்டிருந்த கால்மிதி ஓரம் சுருண்டு கிடந்தது, சுவிட்ச் எட்டாத இடத்தில் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து அம்மாவின் இடுப்பெலும்பை முறித்துவிட்டன. இதில் எதையும் சரிசெய்ய பெரிய செலவு ஆகியிருக்காது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் டூ வே சுவிட்ச் என்று சொன்னால் அறை விளக்கையே கட்டில் பக்கமும் வாசல் பக்கமும் போடும்படி செய்து தருவார். அது இப்போது முடியாது என்றால், ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றை வழியில் தாழ்வாக மாட்டுங்கள். மேலே இருந்து கண்ணில் அடிக்கும் விளக்கைவிட, தரையைக் காட்டும் விளக்குதான் இந்த வயதில் உதவும். கரண்ட் போகும் ஊர் என்றால் தலையணைப் பக்கத்தில் ஒரு டார்ச்சும் வையுங்கள்.

அடுத்தது தரை. ஓரம் சுருளும் கால்மிதி, வழியில் ஓடும் சார்ஜர் வயர், ஹாலின் நடுவில் நிற்கும் டீப்பாய், மூன்றையும் இன்றே எடுத்துவிடுங்கள். கால்மிதி கட்டாயம் வேண்டும் என்றால் அடியில் ரப்பர் ஒட்டியதை மட்டும் போடுங்கள். வாசல் தெளித்த ஈரத்திலும் தரை துடைத்த ஈரத்திலும் வழுக்கியவர்கள் நிறையப் பேர், காயும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்குள்ளேயும் பின்பக்கம் வார் உள்ள, அடி வழுக்காத செருப்பு போடட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடி உள்ள செருப்பு. வேட்டியும் நைட்டியும் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது பாத்ரூம். காசு செலவழிக்க ஒரே ஓர் இடம்தான் என்றால் இங்கே செலவழியுங்கள். துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது, அது துண்டின் பாரத்தைத் தாங்க மட்டும் செய்தது. கையால் முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் பருமனில், ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத்தில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி கேளுங்கள். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும். எந்த உயரத்தில் போடுவது என்று கடைக்காரரையோ பிளம்பரையோ கேட்காதீர்கள். அவரையே கம்மோடில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். கம்மோடு பக்கம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, வாசல் படியில் நெட்டாக ஒன்று. செங்கல் சுவரானால் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் சுவரானால் உள்ளே வெற்றிடம் இருப்பதால் அதற்கென்று இருக்கும் முறையில்தான் பொருத்த வேண்டும், இதை வேலை செய்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பொருத்தி முடித்ததும் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். டைல்ஸில் அழுத்தி ஒட்டும் சக்ஷன் கைப்பிடிகளை நம்பி ஒருவரை நிற்க விடாதீர்கள், சொல்லாமல் கழன்றுவிடும்.

தரை டைல்ஸ் வழுக்குகிறது என்று உடைத்து மாற்ற வேண்டியதில்லை. துளையுள்ள ரப்பர் மேட் போடுங்கள், வாரம் இரண்டு முறை பிரஷ்ஷால் தேய்த்து சோப்புப் படலத்தையும் பாசியையும் எடுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ள வீடுகளில் அன்றைக்குத் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், எண்ணெயும் சீயக்காயும் தரையில் இறங்கினால் எந்த மேட்டும் முழுதாகக் காப்பாற்றாது. குளிக்கும்போது உட்கார்ந்தே குளிக்கட்டும். ஆனால் பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்து போகும். கால் முனையில் ரப்பர் மாட்டிய அலுமினிய நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிற வீடானால், நடுவில் ஓட்டையுள்ள கம்மோடு சேரை அதன் மேல் வைத்துவிடலாம்.

கதவு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு போடுங்கள், முடிந்தால் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். மானம் பெரிது என்று அம்மா மறுத்தபோது, ஒரு திரை மாட்டி, உள்ளே இருக்கும்போது வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடும் வழக்கம் வைத்துக்கொண்டோம். வாளியில் ராடு போட்டுச் சுடவைப்பதை நிறுத்துங்கள். கீசர் இருந்தால் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரை எப்போதும் நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள், கால் மரத்தவருக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

கட்டில் உயரம் சரியா என்பதைச் சோதிப்பது எளிது. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. எழுந்தவுடன் நடக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் எழுந்ததும் தலைசுற்ற வைக்கக்கூடியவை. நீர் போக வைக்கும் மாத்திரையை இரவில் சாப்பிடுகிறார் என்றால் காலைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

எழுந்திருக்கவே முடியாமல் படுக்கையில் இருப்பவருக்கு ஆபத்து வேறு மாதிரி வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று இதை விட்டுவிடக் கூடாது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, அங்கே தைலம் போட்டுத் தேய்க்காமல் உடனே நர்ஸிடம் காட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்திக் கொடுத்து, முடிந்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே விடுங்கள், உடனே படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடலாம். யூரின் பை எப்போதும் வயிற்று மட்டத்துக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது.

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினோ (கான்சன்ட்ரேட்டர்) சிலிண்டரோ இருந்தால் அந்த அறையில் எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், பீடி எதுவும் கூடாது. சாமி படம் அதே அறையில் இருந்தால் படத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், பெரியவர்கள் மனம் வருந்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூக்கில் வாஸ்லின் தடவக் கூடாது. கான்சன்ட்ரேட்டர் கரண்டில் ஓடுவதால், கரண்ட் போனால் என்ன செய்வது என்று இன்றே முடிவு செய்து ஒரு சிறிய சிலிண்டரையாவது தயாராக வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் விழுந்துவிட்டால், கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். பேச வையுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம், அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும், தேவைப்பட்டவர்களுக்கு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

அப்புறம், ஒரு முழுத் தாளில் பெரிய எழுத்தில் அவர் சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கீழே வீட்டுக்கு வழியையும் எழுதுங்கள், எந்த பஸ் ஸ்டாப், எந்தக் கோவிலுக்கு எதிர்ச் சந்து, எத்தனையாவது வீடு என்று. பதற்றத்தில் ஆம்புலன்ஸ்காரரிடம் எனக்கு என் சொந்தத் தெருப் பெயரே வாயில் வரவில்லை.