எந்தக் குவார்ட்டர்பேக்கை இறக்குவது? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்டில் பயிற்சி முகாம் தொடங்கிவிட்டால் போதும், இரண்டு இளம் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) இருக்கிற ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியிலும் இதே பேச்சுதான்: முதல் ஆட்டத்தில் யார்? எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். பேசப்படுபவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் என்பதால் அதைக் கவனமாகச் செய்ய வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

முதல் தவறு, ஆட்டத்தின் முடிவைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி நியாயம் சொல்வது. எல்லோரும் காட்டுகிற உதாரணம் அலபாமா. 2018 ஜனவரி 8, அட்லாண்டாவில் தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமாவின் தொடக்க குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்த எட்டு பாஸில் மூன்றுதான் சக வீரர் கையில் சேர்ந்திருந்தது. இடைவேளைக்குப் பிறகு கோச் நிக் சேபன் முதலாண்டு மாணவர் டூவா டங்கோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் 20-20 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 23-20 ஆக்கியது. அலபாமாவின் முறை வந்ததும், முதல் டவுனிலேயே (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவது) டூவா பந்தை விடாமல் பின்வாங்கிப் பின்வாங்கி 16 யார்ட் இழந்து சாக் ஆனார், அதாவது எறியும் முன்பே மடக்கப்பட்டார். பந்தை வெளியே எறிந்திருந்தால் ஒரு யார்ட்கூடப் போயிருக்காது. அடுத்தது செகண்ட் அண்ட் 26: இரண்டாவது முயற்சி, தேவை 26 யார்ட். இந்த முறை பார்வையை வேறு பக்கம் வைத்து சேஃப்டியை (கடைசி வரிசைத் தடுப்பாளர்) அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு, இடது ஓரமாக ஓடிய டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்தார். 41 யார்ட், டச்டவுன் (6 புள்ளி), 26-23 என்று அலபாமா வெற்றி.

அந்த ஒரு எறிதலை வைத்து "டூவாதான் சரி என்று அப்பவே தெரியும்" என்று இன்றும் சொல்கிறார்கள். சாக் ஆனவரும் அதே டூவாதான், அதற்கு அடுத்த முயற்சியில் எறிந்தவரும் அவர்தான். வழக்கமான நேரத்தின் கடைசியில் அலபாமா 36 யார்ட் ஃபீல்டு கோல் ஒன்றைத் தவறவிட்டது. அது உள்ளே போயிருந்தால் சாக்கும் இல்லை, அந்த எறிதலும் இல்லை, கோப்பை மட்டும் வந்திருக்கும். சேபன் எடுத்த முடிவை எடைபோட வேண்டியது இடைவேளையில் அவருக்குத் தெரிந்ததை வைத்து: 13 புள்ளி பின்தங்கியாயிற்று, இனி எறிந்தாக வேண்டும், இருவரில் நன்றாக எறிபவர் டூவா. அந்தக் கணக்கு சரியானது என்பதே என் கருத்து. கடைசி எறிதல் தரையில் விழுந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

வெற்றிக் கணக்கை குவார்ட்டர்பேக்கின் தனிச் சொத்தாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. அலபாமாவில் தொடக்க வீரராக ஹர்ட்ஸின் கணக்கு 26 வெற்றி, 2 தோல்வி. மேலே சொன்ன இறுதி ஆட்டமும் அந்த 26-ல் ஒன்று. ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர் என்பதால் வெற்றி அவர் பெயரில் பதிவாகிவிட்டது. இதை யோசித்துப் பார்த்தாலே அந்த எண் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பது புரியும்.

அப்புறம், ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகு வந்து ஆடுகிற பேக்கப்பின் (மாற்று வீரரின்) எண்கள். அணி 40 புள்ளி முன்னே இருக்கும்போது எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்கள். அங்கே எட்டுக்கு ஏழு பாஸ் சேர்ந்தது என்றால் நல்லதுதான், ஆனால் தொடக்க வீரர் எதிரணியின் முழு பலத்துக்கு எதிரே எடுத்த எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. பார்க்க வேண்டியது மூன்றாவது டவுன். ஏழெட்டு யார்ட் தேவைப்படுகிறது, பிளிட்ஸ் வருகிறது (கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்கிறார்கள்), அப்போது பந்து எத்தனை சீக்கிரம் கையை விட்டுப் போகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள்.

மைதானத்துக் கோஷத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. 2021 செப்டம்பரில் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஓக்லஹோமா ரசிகர்கள் தங்கள் தொடக்க குவார்ட்டர்பேக் ஸ்பென்சர் ராட்லர் ஆடிக்கொண்டிருக்கும்போதே "எங்களுக்கு கேலப் வேண்டும்" என்று பேக்கப் கேலப் வில்லியம்ஸைக் கேட்டுக் கத்தினார்கள். அதே ராட்லர்தான் கடைசியில் அணியை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுபோய், 16-13 என்று ஜெயிக்க வைத்தார். அடுத்த மாதம் டெக்சஸுக்கு எதிராக 28-7 என்று பின்தங்கிய பிறகு கேலப் வில்லியம்ஸ் இறங்கி ஆட்டத்தைத் திருப்பினார், 55-48. ரசிகர்கள் கேட்ட ஆள் நல்ல ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் களத்தில் நிற்கிற பையன் காதில் விழும்படி அப்படிக் கத்துவது கொடுமை.

இருவரையும் மாற்றி மாற்றி ஆடவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ல் ஃப்ளோரிடாவில் கிறிஸ் லீக் வழக்கமாக ஆட, பெரும்பாலும் குறுகிய தூரம் தேவைப்படும்போது டிம் டீபோ வந்தார். வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது, கோப்பையும் வந்தது. 2015-ல் ஒஹாயோ ஸ்டேட் கார்டேல் ஜோன்ஸ், ஜே.டி. பேரட் இருவரையும் கலந்து ஆடவிட்டுப் பார்த்து, பருவத்தின் நடுவில் பேரட் பக்கம் சாய்ந்தது. வேலை பிரியாமல் ஆளை மட்டும் பிரித்தால் பயனில்லை.

போட்டியில் தோற்றவர் மட்டமானவர் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதின் 2019 வாக்கெடுப்பில் முதல் மூன்று இடம் ஜோ பர்ரோ, ஜேலன் ஹர்ட்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். ஒஹாயோ ஸ்டேட், அலபாமா, ஜார்ஜியா என்று மூவருமே தங்கள் முதல் கல்லூரியில் வேறொருவருக்குப் பின்னால் நின்றுவிட்டு வெளியே வந்தவர்கள்.

"சின்னவர் இந்த வருடம் காத்திருக்கட்டும்" என்ற பழைய பேச்சும் இப்போது செல்லாது. 2018-ல் வந்த விதிப்படி நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட் வைத்துக்கொள்ள முடிந்தது, அதாவது கல்லூரியில் ஆடக் கிடைக்கும் ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு கழியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் நான்கு ஆட்டம் முடிந்ததும் கிளெம்சன் முதலாண்டு டிரெவர் லாரன்ஸைத் தொடக்க வீரராக அறிவித்தது. முந்தைய ஆண்டு அணியை தேசிய சாம்பியன்ஷிப்புக்கான பிளேஆஃப் வரை கொண்டுபோன கெல்லி பிரையன்ட் உடனே விலகிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சிராக்யூஸுக்கு எதிராக லாரன்ஸுக்கு அடிபட்டது. அதுவரை பெரிதாகப் பேசப்படாத சேஸ் பிரைஸ் வந்து, ஃபோர்த் அண்ட் 6-ல் டீ ஹிக்கின்ஸுக்கு ஒரு பாஸ் சேர்த்து, 94 யார்ட் நகர்த்திப் போய் 27-23 என்று ஜெயிக்க வைத்தார். அன்று தோற்றிருந்தால் அந்த ஆண்டின் 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) கிடையாது. அதனால் யார் தொடங்குவது என்று பேசும்போதே, உட்காரவைக்கப்படுகிறவர் அணியில் இருப்பாரா, அவர் போய்விட்டால் மூன்றாவது ஆள் யார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.