யாருக்காக வரைகிறோம்: வரைபடம் தீட்டுவோருக்குச் சில குறிப்புகள்

வரைபடம் ஒன்றைத் தொடங்குமுன், அதைக் கையில் வைத்திருப்பவர் எந்த முடிவை எடுக்கப்போகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவுக்கு உதவாதவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

1931இல் ஹாரி பெக் என்ற வரைவாளர் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்து, 1933இல் பொதுமக்களுக்கு வெளியான படம் இதற்குச் சிறந்த சான்று. பயணிக்கு வேண்டியது எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதே என்று உணர்ந்த அவர், உண்மைத் தொலைவுகளைக் கைவிட்டு, தடங்களைக் கிடை, செங்குத்து, 45 பாகைக் கோடுகளாக நேராக்கி, தரைமேல் அடையாளங்களில் தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டுவைத்தார். ஆனால் நடப்பவருக்கு அதே படம் வழிகாட்டாது. லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் ஆகிய அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே சுமார் 260 மீட்டர்தான் என்பதை அது சொல்வதில்லை. நடப்பவருக்கு வரைகையில் அளவுகோல், தெருப்பெயர்கள், படிக்கட்டுகள் ஆகியவை கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளமும் மின்தூக்கியும் எல்லாவற்றிலும் முதன்மையானவை.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்டும் முறையே வீழல். நாடுகளின் பரப்பை ஒப்பிடும் படத்துக்கு மெர்கேட்டர் வீழலைத் தவிர்த்து, பரப்புகளின் விகிதத்தை மாற்றாத சமபரப்பு வீழலைத் தேர்ந்தெடுங்கள். 1569இல் கடலோடிகளுக்காக உருவான மெர்கேட்டர் வீழல், ஆப்பிரிக்காவின் பரப்பில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்தை அதற்கு நிகராகக் காட்டிவிடுகிறது.

சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி வேறுபாடு காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ளோருக்காகக் கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள். இறுதியாக, அச்சிடுமுன் அந்த இடத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார் என்று பேசாமல் கவனியுங்கள்.